பில் இல்லாத டயரும் கதியற்ற பிரயாணியும்

சனிக்கிழமை விடியற்காலையில் திருச்சியை அடுத்த துவாக்குடிச் சுங்கச்சாவடியின் ஓரமாகச் சற்று நின்று, கிழக்கே வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும், மேற்கே பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் விரைகின்ற கனத்த மோட்டார் சைக்கிள்களைக் கவனிப்பவருக்கு ஒரு விசித்திரம் கண்ணில் படாமற் போகாது. விலை உயர்ந்த ஹெல்மெட், முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம், இருபுறமும் பயணப் பைகள், கைப்பிடியில் வழிகாட்டும் செல்போன் என்று சகல சம்பிரமங்களும் இருக்கும். இத்தனையையும் சுமந்துகொண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு டயர்களில் பின்னது மட்டும் மொட்டையாயிருக்கும். இருசக்கர வாகனங்களுக்குச் சுங்கம் கிடையாதாகையால் சாவடியில் அவற்றை நிறுத்துவாரில்லை. நிறுத்துகிற போக்குவரத்துப் போலீஸாரோ ஹெல்மெட்டையும் இன்ஷூரன்ஸையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். குனிந்து டயரைப் பார்த்த உத்தியோகஸ்தரைக் காண்பது அரிது. சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதால், அந்தப் பதினைந்து வருஷத்தில் சர்க்காரின் கண் ஒருமுறைகூட அந்த ரப்பரின் மேல் படாமலே போய்விடலாம்.

சட்டத்தில் குறை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதி, இருசக்கர வாகன டயரில் பட்டனின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. அளவுகோல் தேடி அலையவும் வேண்டாம்: பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடு வைத்து வார்த்திருப்பார்கள், மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டதென்றால் டயரின் ஆயுள் தீர்ந்தது. தெரிந்தோ, சாதாரண ஜாக்கிரதை இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ பழுதுள்ள வாகனத்தை ஓட்டுகிறவனுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தப் பழுதினால் ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இவை போதாவென்று இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாகனத்தைச் செம்மையான நிலையில் வைத்திருக்க உரிமையாளர் நியாயமான பிரயத்தனம் செய்திருக்க வேண்டும். விபத்துக்குப் பின் வருகிற சர்வேயர், போலீஸ்காரர் குனியாத இடத்தில் அவசியம் குனிவார்.

ஆனால் இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்குக் காரணம், டயரை மாற்றாதவர்களைவிட, மாற்றப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள்தான். பெல் தொழிற்சாலையைச் சுற்றிலும் துவாக்குடித் தொழிற்பேட்டையிலும் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஆசையாய் ஒரு வண்டி வாங்கி, வருஷத்தில் நாலைந்து முறை நெடும்பயணம் போகிற இளைஞர்கள், நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து வாங்கிய டயர் இரண்டு மாதத்தில் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது என்று வந்து முறையிடுகிறார்கள். ‘பில் எங்கே?’ என்று கேட்டால், ‘பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்’ என்கிறார்கள். ‘டயர் எங்கே?’ என்றால், ‘கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்’ என்கிறார்கள். பில்லும் இல்லை, டயரும் இல்லை. பாக்கியிருப்பது கோபம் ஒன்றுதான், அதை எந்த நியாயஸ்தலமும் சாட்சியமாக ஏற்பதில்லை.

ஆகவே வாங்குகிற இடத்திலேயே தொடங்குவோம். ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அதன் ஜாதகம் முழுவதும் பொறிக்கப்பட்டிருக்கிறது; அதைப் படிக்காமல் பணம் கொடுப்பவரே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்று சொல்லத் தோன்றுகிறது. 120/80-18 62P என்று எழுதியிருந்தால், அகலம் 120 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்று பொருள். இவ்வளவையும் கடைப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அதற்கப்பால் உள்ள 62P என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 62 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் ஒன்று தாங்கவல்லது 265 கிலோ. 55 என்றிருந்தால் 218 கிலோதான். P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்த டயருக்கு உத்தரவாதமில்லை என்பதற்கு அடையாளம். S என்றால் 180, H என்றால் 210. தனியாக அலுவலகம் போய் வருகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, இருபுறமும் பை மாட்டி, சித்திரை வெயிலில் தஞ்சைச் சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவருக்கு இதுவே முதல் விஷயம். அகலமும் விட்டமும் ஒத்திருந்து சுமைக் குறியீடு குறைந்த டயரை, ‘அதே சைஸ்தான் சார்’ என்று மாட்டிவிடுவது சர்வசாதாரணம். வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கிற எண்ணுக்குக் கீழே ஒரு இலக்கம்கூட இறங்க வேண்டாம்.

அழகுக்காகப் பருத்த டயர் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரிம்மின் அகலம் மாறாமல் டயரின் அகலத்தை மட்டும் கூட்டினால் அதன் முதுகு அளவுக்கு மீறி வளைந்து, வளைவில் வண்டி சாயும்போது எதிர்பாராத விதமாக விழும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கியிருக்கிற கொல்லிமலை அந்தப் பரீட்சைக்கு ஏற்ற இடமன்று. முன்னுக்கு ஒரு ஜாதி, பின்னுக்கு ஒரு ஜாதி என்று ரேடியலையும் சாதா நைலான் டயரையும் தயாரிப்பாளர் சம்மதமின்றிக் கலப்பதும் கூடாது. ஸ்போக்ஸ் கம்பி போட்ட சாதாரண ரிம்முக்கு ட்யூப்லெஸ் டயர் வாங்கினாலும் உள்ளே ட்யூப் இருந்தே தீரவேண்டும்.

இனி, தேதி. பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள்ளோ, எழுத்துகளின் வரிசையின் கடைசியிலோ நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது வார்க்கப்பட்டது. இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறபடியால், கடையில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதும், டயருக்குக் கறுப்புப் பாலிஷ் தடவி அன்றலர்ந்ததுபோல் பளபளக்கச் செய்திருப்பதும் தற்செயல் என்று எண்ணிவிட வேண்டாம். கீழே இறக்கச் சொல்லுங்கள்; புரட்டிப் பாருங்கள்; விரல் வைத்து அந்த எண்ணைத் தேடுங்கள். வெயில் படாமல் வைத்த டயர் சில மாதத்தில் கெட்டுவிடுவதில்லை. ஆயினும் ஓராண்டுக்கு உட்பட்டதைக் கேட்டு வாங்குவது விவேகம். மிஷெலின் போன்ற ஸ்தாபனங்களே, ஐந்தாண்டு உபயோகித்த டயரை வருஷந்தோறும் பரிசோதிக்கச் சொல்லி, தயாரித்துப் பத்தாண்டு ஆனதை, பட்டன் மிச்சமிருந்தாலும், நீக்கிவிடச் சொல்லுகின்றன. ‘பட்டன் அப்படியே இருக்கிறதே’ என்று ஷெட்டில் கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

தேதிக்குப் பக்கத்திலேயே ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். மத்திய சர்க்காரின் 2009-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவின்கீழ் டயருக்கு இந்த முத்திரை கட்டாயம். இருசக்கர, மூன்று சக்கர வாகன டயருக்கான பிரமாணத்தின் எண் ஐ.எஸ். 15627. முத்திரையோடு கூடிய உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அடித்தால், அந்த உரிமம் யாருக்கு உரியது, நடப்பில் இருக்கிறதா என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிடும். வடக்கே பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்திலும், தெற்கே மதுரைக்கருகே வெள்ளரிப்பட்டியிலும் பெரிய டயர் ஆலைகள் இயங்குகிற நாட்டில், முத்திரையில்லாத ஊர்பேர் தெரியாத சரக்கை யாரும் வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

பில்லைப் பற்றி இனிச் சொல்வதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 4,000 ரூபாய் டயருக்கு வரி 720 ரூபாய். அந்த 720 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக வாரண்டியையும், வழக்குத் தொடரும் ஆதாரத்தையும் சேர்த்தே கைவிடுகிறோம் என்பதை நினைப்பவர் இல்லை. பில் தர மறுப்பதே நியாயமற்ற வாணிப முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்லுகிறது. துண்டுக் காகிதத்தில் ‘டயர் 1’ என்று கிறுக்கித் தருவது பில் ஆகாது. கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், தேதி, தங்கள் பெயர், வண்டி எண், டயரின் கம்பெனி, சைஸ், விலை இவற்றோடு, டயரின் பக்கச்சுவரில் உள்ள தொடர் எண்ணும் அந்த நான்கு இலக்கத் தேதியும் பில்லில் ஏறவேண்டும். தொடர் எண் இல்லாத பில், அந்த டயரை அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று நிரூபிக்காது. கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்பார்கள், பேனாவுக்கு இடமுண்டு. எழுதி, முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டு வருகிறவர்கள், அதன் பக்கச்சுவரை அறுத்துவிட்டு வருவது உத்தமம். மொட்டை டயரில் சூடான கத்தியால் மறுபடி பள்ளம் வெட்டி, பாலிஷ் தடவி, வேறொரு ஏழையின் வண்டியில் ஏற்றுகிற அக்கிரமம் நடக்கிறது. வீட்டுக்கு எடுத்துச் சென்று போகியன்று கொளுத்துவது அதைவிடப் பெரிய அக்கிரமம்.

மாட்டும்போது அருகில் நில்லுங்கள். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டவேண்டும். காற்றடித்தபின் ரிம்மை ஒட்டிய மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியவேண்டும். வால்வு புதிதாயிருக்க வேண்டும். பிரயாணத்துக்கு முந்திய இரவு டயர் மாற்றுவது மகா அவிவேகம். புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டராவது நிதானமாக உள்ளூரில் ஓட்டிப் பழக்கவேண்டும். காற்றழுத்தத்தை டயர் சூடேறுவதற்கு முன், வண்டியில் ஒட்டியிருக்கிற அளவின்படி பார்க்கவேண்டும். ஆள் ஏறினால் பின் டயருக்கு அளவு வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் டயர் புடைத்தால், பட்டன் பாளமாகப் பிரிந்தால் என்ன செய்வது? பலர் போலீஸ் நிலையத்துக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் நடக்கிறார்கள், இரண்டும் இதற்கு உரிய இடமல்ல. முதலில் கழற்றும் முன்பே புகைப்படம் எடுங்கள்: புடைத்த இடம், தொடர் எண், ரிம் நசுங்கவில்லை என்பது, ஓடிய கிலோமீட்டர். பின்பு விற்ற கடையில் கிளெய்ம் பதிவு செய்யச் சொல்லி, பதிவு எண்ணோடு ரசீது பெற்றுக்கொண்டே டயரைக் கொடுங்கள். ரசீது இல்லாமல் டயரைக் கையை விட்டு விடாதீர்கள். கம்பெனிப் பிரதிநிதி பார்த்துவிட்டு, பெரும்பாலும், ‘பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள்’ என்பார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். நம் சாலைகள் அப்படி. உண்மையல்ல என்று தோன்றினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், டயரைத் திரும்ப வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அதுதான் சாட்சி.

அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கம்பெனிகள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. இல்லையெனில் கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, நகலை வைத்துக்கொண்டு, திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்யலாம். டயரைச் சென்னையில் வாங்கினாலும், இணையத்தில் தருவித்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. துவாக்குடிக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் எதுவுமில்லை. வக்கீல் வைக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மனுவோடு பில், வாரண்டிச் சீட்டு, புகைப்படங்கள், கிளெய்ம் ரசீது, கம்பெனியின் மறுப்பு, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, உண்மை என்று உறுதி கூறும் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். குறை உற்பத்தியினாலா உபயோகத்தினாலா என்ற தர்க்கம் எழுந்தால், டயரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இதைக் கேட்காமல் வெறுங்கையோடு வாதாடியே பலர் தோற்கிறார்கள். பரிசோதனைக்கு ஆகும் செலவை முதலில் நாம் கட்ட நேரலாம். உணவு விநியோகம் செய்து பிழைப்பவர்கள், தொழிலுக்கு ஓட்டுவதால் தங்களுக்கு உரிமையில்லை என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலாகச் செய்து ஜீவிப்பவரும் நுகர்வோரே.

புது டயரோ, விலை வாபஸோ, நஷ்ட ஈடோ ஆணையம் தர முடியும். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். அதுவரை பில்லை மைமங்கும் கடுதாசியாக விட்டுவிடாமல் ஒரு நகல் எடுத்து, வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.