விரல் நீள மீன் ஆள் உயரம் வளர்ந்தால்...?

கடையில் பார்க்கும்போது அது விரல் நீளம்தான் இருக்கும். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள். குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் வளர்ந்துவிட்டால், அந்த மீன் வீட்டுக்காரரையே மிஞ்சிவிடும்!

அதன் பெயர் அரபைமா. தென் அமெரிக்காவின் அமேசான் ஆறுதான் அதன் தாயகம். நல்ல தண்ணீர் மீன்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. 2 மீட்டர் நீளம் வளர்வது அதற்குச் சாதாரணம்.

காற்றைக் குடிக்கும் மீன்

நம் ஊர் விரால் மீன் மேலே வந்து காற்றைக் குடிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அரபைமாவும் அப்படித்தான். 10 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை அது மேலே வந்தாக வேண்டும். வர முடியாமல் போனால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்! அமேசான் மீனவர்கள் அது தலை தூக்கும் நேரம் பார்த்து ஈட்டி எறிவார்கள்.

அதன் நாக்கு எலும்பால் ஆனது. அது "படக்" என்று வாயைத் திறந்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். உடம்பில் உள்ள செதில்களோ கவசம் போன்றவை. கூரிய பல் படைத்த பிரானா மீன்கூட அதைக் கடித்துத் துளைக்க முடியாது.

இத்தனை முரட்டு மீனுக்கும் பாசம் உண்டு. குஞ்சுகளைக் காப்பது தகப்பன் மீன்தான். குஞ்சுகள் அதன் தலையைச் சுற்றியே நீந்தித் திரியும்.

தொட்டி போதுமா?

போதாது. வீட்டில் வைப்பது பெரும்பாலும் 3 அடி, 4 அடித் தொட்டி. நன்றாகத் தீனி போட்டால் அரபைமா ஒரே ஆண்டில் 10 கிலோ வரை வளர்ந்துவிடும். பிறகு அதனால் திரும்பக்கூட முடியாது. கூட இருக்கும் சிறு மீன்களையும் விழுங்கிவிடும்.

"சரி, ஆற்றில் விட்டுவிடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அதுதான் பெரிய ஆபத்து! 2018-ம் ஆண்டு கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வளர்ப்பு இடங்களில் இருந்த அயல்நாட்டு மீன்கள் தப்பின. வெள்ளம் வடிந்த பிறகு அங்குள்ள ஆறுகளில் வலை வீசியவர்களுக்கு அரபைமா சிக்கியது. இப்படி வந்து சேரும் மீன்கள் நம் ஆற்று மீன்களைத் தின்னும், நோயையும் பரப்பக்கூடும். நஷ்டம் யாருக்கு? அந்த ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்குத்தான்!

வளர்க்க முடியாத மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடவே கூடாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய மீன் காட்சிச்சாலையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆசைக்கு ஒரு சண்டைமீன்

வேட்டையாடும் மீன்தான் வேண்டுமா? தாய்லாந்துச் சண்டைமீன் இருக்கிறது. வளர்ந்தாலும் இரண்டரை அங்குலம்தான். அதுவும் காற்றைக் குடிக்கும். கொசுப் புழுவைப் பாய்ந்து பிடிக்கும். நுரையால் கூடு கட்டி முட்டைகளைக் காப்பதும் ஆண் மீன்தான். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மீன் போதும். இரண்டு ஆண் மீன்களை விட்டால் சண்டை போட்டுச் சாகும். துள்ளி வெளியே விழாமல் இருக்கத் தொட்டிக்கு மூடி வேண்டும்.

எந்த மீன் வாங்கினாலும், விலை கேட்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இது எவ்வளவு நீளம் வளரும்?"