பித்தளைப் பாத்திரமும் குழந்தையின் கல்லீரலும்

சீராக வந்த பித்தளைப் பாத்திரங்கள் மாதுங்கா, செம்பூர்த் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உள்ளன. அவற்றில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சலாமா?

பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பு உடலுக்குச் சிறிதளவே தேவை. உணவின் வழி வரும் செம்பைக் கல்லீரல் உயிரணுக்கள் ஏற்று, நொதிகளுக்குப் பயன்படுத்தி, மிகுதியைப் பித்தநீரில் வெளியேற்றுகின்றன. கைக்குழந்தைக்கு இத்திறன் முழுமை பெற்றிருப்பதில்லை. ஆகவே, மிகுதியான செம்பு உயிரணுக்களில் தேங்கி, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. உயிரணுக்கள் மடிய, கல்லீரல் தழும்பேறி இறுகுகிறது.

முன்னர் நம் நாட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் பலரைப் பலிகொண்ட 'இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்க நோய்' இத்தகையதே. பித்தளையில் காய்ச்சி வைத்த பால் அதற்குக் காரணமாகலாம் என்று புனே மருத்துவர்களும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் 1983இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எடுத்துரைத்தனர். எவர்சில்வர் பாத்திரங்கள் பரவியபின் இந்நோய் மிக அரிதாகிவிட்டது.

பித்தளையை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. சமைக்கும் பாத்திரத்துக்கு உரிய காலத்தில் ஈயம் பூசுவது நன்று. பூசுவது வெள்ளீயமாக இருத்தல் வேண்டும், காரீயம் நஞ்சு. பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளியும் மோரும் ஆகா. குழந்தையின் பாலுக்கோ எவர்சில்வரே ஏற்றது.