பேசும் சாவி

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையில், சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில், நானும் என் தாயாரும் பூட்டிய கார் ஒன்றின் அருகே செய்வதறியாது நின்றோம். கார் என் தமையனாருடையது. இரவலாக வாங்கி வந்தது. பதினொரு மணிக்கு ஓசூரில் கண் மருத்துவர் அம்மாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. கடைத்தெருவில் பூவும் பழமும் வாங்கித் திரும்புவதற்குள் சாவி எங்கோ விழுந்துவிட்டது. வந்த வழியெல்லாம் தேடினோம், அகப்படவில்லை.

சாவி செய்யும் பெரியவர் ஒருவரை யாரோ அழைத்து வந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப்புற ஊர் அது. அவர் மூன்றிலும் சரளமாகப் பேசினார். கதவின் பூட்டுத் துவாரத்தில் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு உள்ளே இருந்த தகடுகளின் உயரங்களை அறிந்துகொண்டார். அரை மணி நேரத்தில் புதிய சாவி ஒன்றை வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. இயந்திரத்தை முடுக்கும் பூட்டிலும் சாவி தடையின்றித் திரும்பியது. இயந்திரம் ஒரு விநாடி உறுமியது, உடனே அடங்கிவிட்டது. மீண்டும் திருப்பினேன்; மீண்டும் அதே கதை.

“இரும்பு வேலை முடிந்துவிட்டது, சார். சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வண்டி ஓடாது. வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறதா?” என்றார் பெரியவர்.

தமையனாரிடம் தொலைபேசியில் கேட்டேன். இரண்டாவது சாவி தொலைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். “ஒன்றுதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்” என்றார். அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி ஓசூருக்கு அழைத்துச் சென்றேன். கார் அங்கேயே நின்றது.

பூட்டில் சரியாகப் பொருந்தித் திரும்பும் சாவி, வண்டியை ஏன் ஓட்டவில்லை? அன்று பஸ்ஸில் அமர்ந்து நான் எண்ணிய கேள்வி இதுதான்.

திண்டுக்கல் பூட்டை நீங்கள் அறிவீர்கள். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பூட்டாயினும், அமெரிக்கரான லைனஸ் யேல் 1861-இல் உரிமம் பெற்ற உருளைப் பூட்டாயினும், அடிப்படை ஒன்றே. சாவியின் பற்கள் எந்த உயரத்தில் உள்ளனவோ அந்த உயரமே அதன் இரகசியம். அந்த இரகசியம் கண்ணுக்குத் தெரிவது. விரலால் தடவி அறியக்கூடியது. எனவே கைத்திறன் உள்ளவர் எவரும் அதைப் படியெடுக்கலாம். தேன்கனிக்கோட்டைப் பெரியவர் செய்ததும் அதுவே. நல்லவர் செய்யக்கூடியதைக் கள்வனும் செய்யலாம் அல்லவா? கார்த் திருட்டு பெருகிய மேலை நாடுகள் இதற்கு மாற்று வழி தேடின. 1998-இல் ஜெர்மனியும் பிரிட்டனும், புதிய கார்களில் இயந்திரத்தை முடக்கிவைக்கும் மின்னணுக் காவல் இருந்தே தீரவேண்டும் என்று விதித்தன.

அந்தக் காவல் வேலை செய்யும் விதம் மிக அழகானது. முடுக்கும் பூட்டைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 1,25,000 அதிர்வுகள். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இன்னொரு சிறு சுருளும், அரிசி மணி போன்ற ஒரு சிப்பும் உள்ளன. இந்தச் சிப்புக்கு மின்கலம் கிடையாது. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. அந்த விதிப்படி, கேள்வி கேட்கும் காரே பதில் சொல்லும் சாவிக்கு உணவும் ஊட்டுகிறது!

கார் ஓர் எண்ணைச் சொல்லும். சிப் அந்த எண்ணைத் தன்னிடமுள்ள இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். காரும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கும். இரு விடைகளும் ஒத்தால் எரிபொருள் தொடர்ந்து பாயும், ஒவ்வாவிடில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கேள்வி வேறு. ஆதலால் ஒட்டுக்கேட்டவனுக்குப் பழைய விடையால் பயனில்லை. என் கையில் இருந்த புதிய சாவி இந்தக் கேள்வி பிறந்தபோது ஊமையாக இருந்தது.

தொலைவிலிருந்து பொத்தானை அழுத்திக் கதவைத் திறப்பது வேறொரு ஏற்பாடு. அதற்கு மின்கலம் வேண்டும். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்னும் வட்டக் கலம்: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம், மூன்று வோல்ட்டு. நம் நாட்டில் இச்சாவிகள் பெரும்பாலும் விநாடிக்கு 43 கோடிக்கு மேற்பட்ட அதிர்வுள்ள வானொலி அலையில் பேசுகின்றன. வானொலியில் பேசுவதை எவரும் கேட்கலாம். ஆதலால் ஒவ்வொரு அழுத்தலிலும் சொல் மாறுகிறது. சாவியும் காரும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போகின்றன. வீட்டுக் குழந்தை விளையாட்டாகப் பலமுறை அழுத்தினால் சாவி எண்ணிக்கையில் முந்திவிடும். சற்று முந்தினால் கார் பொறுத்துக்கொள்ளும். மிக முந்தினால் மீண்டும் இணக்கம் செய்ய நேரும். இவ்வகைக் குறிகளில் பெயர்பெற்ற ‘கீலாக்’ 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாயிற்று. 2008-இல் ஜெர்மனியின் போகும் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கருவி செலவழிக்கும் மின்சாரம் ஏறி இறங்குவதை அளந்தே அதன் இரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பூட்டுக்கும் கள்வனுக்கும் நடக்கும் பழைய போட்டி கணிதத்துக்குள் புகுந்துவிட்டது.

சட்டைப்பையில் சாவி இருந்தாலே கதவு திறக்கும் கார்கள், 1990களின் முடிவில் மெர்சிடிஸ் வண்டிகளின் வழியே புகழ்பெற்றன. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலையில் கூப்பிடும். அருகில் சாவி இருந்தால் பதில் கூறும். கார் செய்துகொள்ளும் அனுமானத்தைக் கவனியுங்கள்: ‘என் குரல் கேட்டது, ஆகவே சாவி பக்கத்தில் இருக்கிறது.’ இது பிழையான தருக்கம். ஒருவன் காரருகிலும், மற்றவன் வீட்டு வாசலிலும் நின்று அக்குரலைக் கடத்தினால், மேசைமேல் கிடக்கும் சாவியும் விடை சொல்லும். சூரிச் நகரின் ஆராய்ச்சியாளர் மூவர் 2011-இல் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களில் இதைச் சோதித்தார்கள்; பத்தும் ஏமாந்தன. இரகசிய எண்ணை அவர்கள் உடைக்கவேயில்லை! இப்போது சில கார்கள் விடை வந்து சேரும் நேரத்தையே அளக்கின்றன. ஒளியும் வானொலி அலையும் ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டரே செல்லும். தொலைவைக் கடந்து வரும் விடை தாமதத்தால் பிடிபடும். அத்தகைய காரில்லாதவர்கள் சாவியை இறுக மூடிய உலோகப் பெட்டியில் வைப்பது ஓரளவு காக்கும்.

என் தமையனாரின் காருக்கு வருவோம். மறுநாள் அதை இழுவை வண்டியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோனோம். பதிவுச் சான்று, உரிமையாளரின் அடையாளச் சான்று, சாவி தொலைந்ததைக் காவல் நிலையத்தில் தெரிவித்ததற்கான இரசீது ஆகிய மூன்றையும் கேட்டார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான். கேளாமல் சாவி தருபவர் கள்வனுக்கும் தருவார் என்று பிறகு தோன்றிற்று. புதிய சாவிகள் வர ஒன்பது நாள் ஆயின. பற்களை வெட்டியபின் கணிப்பொறியைக் காருடன் இணைத்து, ஒவ்வொரு சாவியையும் அதற்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். தொலைந்த சாவிகளை அதன் நினைவிலிருந்து நீக்கினார்கள். இனி அவை யார் கையில் கிடைத்தாலும் இயந்திரம் ஓடாது.

இரண்டாவது சாவி இருந்திருந்தால் இழுவை வண்டிச் செலவும் காத்திருப்பும் பெரிதும் மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் அன்றுதான் அறிந்தேன்: கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தமையனார் மூன்று ஆண்டுகளாக எந்த நிலையில் வண்டி ஓட்டியிருக்கிறார், பாருங்கள்! உங்கள் வீட்டில் வண்டி இருந்தால் இன்று மாலையே இரண்டாவது சாவி எங்கே என்று கேளுங்கள். பொத்தான் சாவியின் கலம் தீர்ந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவற்றின் உள்ளே உலோகச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும்.

இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் 2021-இல் தொடங்கிய ஓலா தொழிற்சாலையின் மின் ஸ்கூட்டர்கள், உலோகச் சாவியே இல்லாமல் விற்பனைக்கு வந்தன. கைத்தொலைபேசியோ திரையில் தட்டும் எண்ணோ அவற்றுக்குச் சாவி. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “தொலைபேசி தொலைந்தால் என்னிடம் வரமாட்டார்கள்” என்று சிரித்தார். அவர் வெட்டித் தந்த சாவி இப்போது அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. காரின் கதவை இன்றும் திறக்கிறது, ஓட்டத்தான் ஓட்டாது.