வேலையின்மை நீளும்போது

ஒன்பதாம் வகுப்பில் வேலைவாய்ப்பு பற்றிய பாடம். "ஒருவர் வருடக்கணக்கில் வேலையில்லாமல் இருப்பது ஏன்?" என்று கேட்டேன். "தேட மாட்டாங்க சார், சோம்பேறித்தனம்தான்" என்று முதல் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா வேலை பார்த்த மில்லை மூடி இரண்டு வருடம் ஆகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் பாடக்குறிப்பில் வேலையின்மையின் வகைகள் வரிசையாக இருந்தன. அது நீளும்போது மனிதருக்கு என்ன நேர்கிறது, அதை நீள வைப்பது யார் என்பது அதில் இல்லை. தேடியபோது கிடைத்ததுதான் மரியன்தால் என்ற ஊரின் கதை.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்கு அருகே உள்ள சிற்றூர் அது. ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1929-இல் ஆலையைப் படிப்படியாக மூடத் தொடங்கினார்கள். 1930 தொடக்கத்தில் எல்லாம் முடிந்தது. ஊரிலிருந்த 478 குடும்பங்களில் 367 குடும்பங்களில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. 1931 இறுதியில் மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக்குழு அங்கே போனது. அவர்களின் நூல் 1933-இல் வெளிவந்தது.

நேரம் நிறைய இருப்பவர்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1929-க்கும் 1931-க்கும் இடையே இரவல் வாங்கிய புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் சன்னலருகே நின்று தெருவில் போவோரைக் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வழியில் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் நடந்து முடித்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களுக்குச் சம்பள வேலைதான் போயிருந்தது, வீட்டு வேலை போகவில்லை. அதனால் அவர்கள் வேகமாகவே நடந்தார்கள். இதை வாசித்தபோது எங்கள் ஊர் டீக்கடை வாசல் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது.

பள்ளியையும் அவர்கள் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை வரும். வருவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் குழந்தைகள் கொண்டுவந்த உணவைப் பார்த்தார்கள். முந்தைய நாள் பலரிடம் வெறும் ரொட்டி, சிலரிடம் அதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். மரியன்தால் குழந்தைகள் கேட்ட பொருள்களின் விலை, பக்கத்து ஊர்க் குழந்தைகள் கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கேட்பதற்கே தயங்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆலையை மூடியதற்கு முழுக்க அரசைக் குறை சொல்ல முடியாது. உலகமே மந்தத்தில் விழுந்த காலம். அதன் பின் நடந்ததில் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் பணவீக்கத்தால் தவித்த ஆஸ்திரியா, 1922-இல் சர்வதேச சங்கத்தின் ஏற்பாட்டில் கடன் பெற்றது. செலவைக் குறை, அரசுப் பணியாளரைக் குறை, நாணய மதிப்பைக் காப்பாற்று என்பவை நிபந்தனைகள். மந்தம் வந்த பிறகும் அதே பாதைதான். 1931-இல் நாட்டின் மிகப் பெரிய வங்கி சரிந்தது. 1932-இல் மீண்டும் கடன், மீண்டும் சிக்கனம். 1933-இல் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. உதவித்தொகைக்கோ கால வரம்பு. அதிலும் ஒரு விதி: ஏதாவது சம்பாதித்தால் தொகை நின்றுவிடும். மரம் வெட்ட உதவி விறகு வாங்கியவருக்கும், பால் ஊற்றும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பால் பெற்ற பெண்ணுக்கும் அப்படி நின்றுபோனது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு "ஏன் சும்மா இருக்கிறாய்?" என்று கேட்பதைப் போன்றது இது.

வேறு வழி இருந்ததா என்று மாணவர்கள் கேட்டால், 2009-ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அமெரிக்காவின் சரிவு அதைவிடக் குறைவு. ஆனால் ஜெர்மனியில் ஆளை நீக்குவதற்குப் பதில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதத்தை, பொதுநிதி ஈடுசெய்தது. அங்கே வேலையின்மை பெரிதாக உயரவில்லை. அமெரிக்காவில் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது; 2010-இல் வேலையற்றோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ஆறு மாதத்துக்கும் கூடுதலாக வேலையின்றி இருந்தனர். அங்கே பின்னர் ஒரு சோதனை நடந்தது. வேலையில்லாத காலத்தை மட்டும் மாற்றி, மற்றபடி ஒரே மாதிரியான கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். இடைவெளி கூடக்கூட நேர்காணல் அழைப்பு குறைந்தது. திறமை மாறவில்லை, தேதி மட்டும்தான் மாறியிருந்தது.

இப்போது இந்தப் பாடத்தை நான் வகைகளில் தொடங்குவதில்லை. தெருவில் நின்று நின்று நடந்தவர்களின் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, "ஏன்?" என்று மட்டும் கேட்கிறேன். போன முறை "உடம்பு சரியில்லை", "பசி" என்று பதில்கள் வந்தன. அந்தக் கடைசி வரிசை மாணவன் கை தூக்கினான்: "சீக்கிரம் போய் என்ன சார் பண்ணப்போறாங்க?"

இன்னொன்றையும் நிறுத்திவிட்டேன். ஜூன் மாதத்தில் பதிவேட்டுக்காக ஒவ்வொருவரையும் எழுப்பி "அப்பா என்ன வேலை?" என்று எல்லோர் முன்னும் கேட்பேன். இப்போது ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறேன்.