அருணா தன்வர்

அருணா சிங் தன்வர் (பிறப்பு: 3 சனவரி 2000) அரியானாவைச் சேர்ந்த இந்திய மாற்றுத்திறனாளி டேக்வாண்டோ வீராங்கனை ஆவார். 2020 டோக்கியோ பாராலிம்பிக்கில் பங்கேற்றதன் மூலம், பாராலிம்பிக் டேக்வாண்டோவில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். 2022 ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கிலும் இந்தியா சார்பில் போட்டியிட்டார்.

பின்னணி

அருணா பிவானி மாவட்டத்தின் தினோத் கிராமத்தில் பிறந்தவர். விஜேந்தர் சிங் 2008-இல் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற பிறகு, பிவானி என்றாலே குத்துச்சண்டை என்று ஆகிவிட்ட மாவட்டம் அது. அருணா தேர்ந்தெடுத்ததோ கொரியாவில் உருவான, காலால் உதைத்து ஆடும் தற்காப்புக் கலையை. பிறவியிலேயே அவருடைய இரு கைகளிலும் குறைபாடு உண்டு. விரல்கள் முழுமையாக வளரவில்லை. தந்தை ஓட்டுநராக வேலை பார்த்தவர். அருணா முதலில் குறைபாடு இல்லாதவர்களுடன்தான் போட்டியிட்டார். பின்னரே பாரா பிரிவுக்கு மாறினார்.

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குப் பெரிய முன்னோடிகள் இல்லை. டேக்வாண்டோ 1988, 1992 ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாக இடம்பெற்று, 2000-இல் சிட்னியில் பதக்கப் போட்டியானது. அன்று முதல் 2024 வரை ஒலிம்பிக் டேக்வாண்டோவுக்கு ஓர் இந்தியர்கூடத் தகுதி பெறவில்லை. 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுரேந்திர பண்டாரி வென்ற வெண்கலமே எடுத்துச் சொல்லக்கூடிய பழைய சாதனை. அதனால் ஒலிம்பிக் அல்லது பாராலிம்பிக் மேடையில் இந்திய டேக்வாண்டோவின் வரலாறு அருணாவிடமிருந்துதான் தொடங்குகிறது.

பாரா டேக்வாண்டோவின் விதிகள்

அருணாவின் ஆட்டங்களைப் புரிந்துகொள்ள இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான டேக்வாண்டோவில் தலையில் விழும் உதைக்கு 3 புள்ளி, மார்புக் கவசத்தில் விழும் குத்துக்கு 1 புள்ளி உண்டு. பாரா டேக்வாண்டோவில் தலையை உதைக்கக் கூடாது. குத்துக்குப் புள்ளி கிடையாது. மார்புக் கவசத்தில் படும் நேர் உதைக்கு 2, உடலைத் திருப்பி உதைத்தால் 3, முழுச் சுற்றுச் சுழன்று உதைத்தால் 4 புள்ளிகள். விதிமீறலுக்கு எதிராளிக்கு ஒரு புள்ளி போகும். உதையின் வலிமையைக் கவசத்திலும் காலுறையிலும் உள்ள மின்னணு உணரிகள் கணக்கிடுகின்றன.

உதையால் மட்டுமே புள்ளி என்றால் கைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. வரும் உதையைத் தடுப்பதும், சுழலும்போது உடலைச் சமநிலையில் வைப்பதும் கைகளே. இதனால்தான் கைக் குறைபாட்டின் அளவைக் கொண்டு வகுப்புகள் பிரிக்கப்படுகின்றன. இரு கைகளிலும் முழங்கைக்குக் கீழே குறைபாடு உள்ளவர்களுக்கு கே43 வகுப்பு. கே44 வகுப்பில் பெரும்பாலும் ஒரு கையில் மட்டும் குறைபாடு உள்ளவர்கள் ஆடுகின்றனர். டோக்கியோவில் இரண்டு வகுப்புகளும் ஒரே போட்டியாக இணைக்கப்பட்டன. இரு கைகளிலும் குறைபாடு உள்ளவர், ஒரு முழுக் கை உள்ளவரை எதிர்த்து ஆட நேரும் அமைப்பு இது.

டோக்கியோ 2020

2018-இல் வியட்நாமில் நடந்த ஆசிய பாரா டேக்வாண்டோ போட்டியில் வெள்ளியும், 2019-இல் துருக்கியில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலமும் அருணா வென்றிருந்தார். டோக்கியோவுக்கு அவர் சென்றது தகுதிச் சுற்றில் வென்று அல்ல, சிறப்பு அழைப்பின் பேரில். பாரா டேக்வாண்டோ பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அந்த முறைதான்.

உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு வெள்ளி வென்றதற்கு இரண்டு நாள் கழித்து, 2021 செப்டம்பர் 2 அன்று அருணா 49 கிலோ பிரிவில் களமிறங்கினார். முதல் ஆட்டத்தில் செர்பியாவின் தனியெலா யொவானோவிச்சை 29–9 என்ற கணக்கில் வென்றார்; அடுத்த ஆட்டத்தில் தோற்றார். ஒவ்வொரு உதைக்கும் குறைந்தது 2 புள்ளி என்பதால், பின்தங்குபவர் ஈடுகட்ட முன்னேறித் தாக்குவதும், அப்போது தற்காப்பு திறந்துபோய் மேலும் புள்ளிகளை இழப்பதும் இவ்விளையாட்டில் இயல்பு. தோற்றவர்களுக்கும் வெண்கலம் வரை செல்ல வழிதரும் மறுவாய்ப்புச் சுற்று அவருக்கு மீதம் இருந்தது. காயம் காரணமாக அதில் அவரால் ஆட முடியவில்லை.

ஆசியப் பதக்கமும் பாரிசும்

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2023 அக்டோபரில் சீனாவின் காங்சோவில் நடந்த 2022 ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில், 47 கிலோ பிரிவில் அருணா வெண்கலம் வென்றார். பாரிசுக்கு மகளிர் பிரிவுகள் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டு, மிகக் குறைந்த எடைப் பிரிவு 49-இலிருந்து 47 கிலோவானது. இரண்டு கிலோ சிறிய வேறுபாடாகத் தெரியலாம். ஏற்கெனவே எடை குறைந்த உடலில் வலிமை குன்றாமல் அதைக் குறைப்பது எளிதல்ல.

இம்முறை அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2024 மார்ச்சில் சீனாவின் தையான் நகரில் நடந்த ஆசியத் தகுதிச் சுற்றில் வென்று தமது இடத்தைத் தாமே பெற்றார். அவருடைய பயணத்தில் டோக்கியோவை விடவும் இதையே பெரிய படியாகக் கொள்ளலாம். முதல் இந்தியர் என்ற சிறப்புக்கு ஓர் அழைப்பு உதவியது. இரண்டாவது வாய்ப்பு முழுக்க ஆடுகளத்தில் ஈட்டியது.

பாரிசில், 2024 ஆகஸ்ட் 29 அன்று, கிராண்ட் பலே அரங்கில் துருக்கியின் நூர்சிகான் எகின்சியிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்.