கிளட்ச் இல்லாத பைக்கில் வலது காலுக்கே வேலை

ஹோண்டாவின் டிசிடி (இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்) பைக்குகளில் இடது கைக்குக் கிளட்ச் லீவரும் கிடையாது, இடது காலுக்குக் கியர் பெடலும் கிடையாது. பார்த்தவுடன் பெரிய ஸ்கூட்டர் என்றே தோன்றும். அந்த நினைப்போடு ஓட்டத் தொடங்குவது ஆபத்து.

ஸ்கூட்டரில் பெல்ட்டும் கப்பியும்தான் வேலை செய்கின்றன. கியர் படிகளே இல்லை. டிசிடியில் சாதாரண பைக்கில் உள்ள அதே பல்சக்கரங்கள் இருக்கின்றன. கிளட்ச் மட்டும் இரண்டு. 1, 3, 5-ஆம் கியர்கள் ஒன்றின் பொறுப்பு; 2, 4, 6 மற்றதன் பொறுப்பு. அடுத்த கியர் முன்பே கோத்துத் தயாராக நிற்பதால், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்கிறது. 2010 மாடல் விஎஃப்ஆர்1200எஃப் பைக்கில் அறிமுகமான இந்த ஏற்பாடு, 2017-இல் ஆப்பிரிக்கா ட்வின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சாதாரண கியர் மாடலைவிட எடை சுமார் 10 கிலோ கூடும்.

நெடுஞ்சாலையில் இதைப் பழக நேரமே ஆகாது. சோதனை, குறுகிய தெருவில் யூ-டர்ன் அடிக்கும்போதுதான். சாதாரண பைக்கில் அந்த இடத்தில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, வேகத்தை இம்மி இம்மியாக விடுவோம். இங்கே ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால் கிளட்ச் தானாகவே விலகிக்கொள்ளும். திருப்பத்தின் நடுவில் இழுவை அற்று வண்டி சாயப் பார்க்கும். பதறி முறுக்கினால் பாயும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தபடியே வைத்து, வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு திரும்ப வேண்டும். இடது கை செய்த வேலையை வலது கால் செய்கிறது. ஸ்கூட்டர் பழக்கத்தில் இடது கை பிரேக்கைத் தேடும். ஆப்பிரிக்கா ட்வினில் அந்தப் பக்கம் இருக்கும் லீவர் பார்க்கிங் பிரேக். ஓடும்போது அதைத் தொடக் கூடாது.

பார்க்கிங் பிரேக் எதற்கு? இன்ஜினை அணைத்ததும் கியர்பாக்ஸ் நியூட்ரலுக்குப் போய்விடும். கியரில் போட்டு நிறுத்தும் வழி இல்லாததால், சரிவில் அந்த லீவரைப் போடாமல் இறங்கினால் வண்டி உருண்டுவிடும். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. சிக்னலில் 'டி' (டிரைவ்) முறையில் நிற்கும்போது விளையாட்டுக்குக்கூட முறுக்கக் கூடாது, வண்டி கிளம்பிவிடும்.

'டி' முறை எரிபொருளைச் சேமிக்க, சீக்கிரமே உயர் கியருக்குத் தாவும். அதனால் முந்திச் செல்லும்போது வண்டி ஒரு கணம் தயங்குவதுபோல் இருக்கும். முந்துவதற்கு முன்பே இடது கைப்பிடியில் உள்ள கழித்தல் பொத்தானை அழுத்திக் கியரைக் குறைத்துவிடுங்கள். மலைப்பாதைக்கு 'எஸ்' (ஸ்போர்ட்) முறையே சரி.

நெரிசலில் நாள்தோறும் ஓட்டுபவருக்கும், இடது மணிக்கட்டில் வலி உள்ளவருக்கும் இது உண்மையிலேயே வரப்பிரசாதம். வாங்க நினைப்பவர்கள் டெஸ்ட் ரைடில் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடாதீர்கள். காலி மைதானத்தில் பின் பிரேக்கை அழுத்தியபடி எட்டு போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.