பனிநாட்டு முயலும் வயல் எலியும்

நெற்செய்கையில் ஈடுபட்டோர் யாவரும் ஒரு விடயத்தை அனுபவத்தால் அறிவர். ஒரு போகத்தில் எலிகள் அளவின்றிப் பெருகிக் குடலைப் பருவத்துப் பயிரை அடியோடு அறுத்து நாசமாக்குகின்றன. அடுத்த ஆண்டிலோ அதே வயலில் அவை பெரிதும் குறைந்து காணப்படுகின்றன. பின்னர் மீண்டும் ஒரு காலத்திற் பெருகுகின்றன. "இது எலி வருடம்" என்று கூறி முதியோர் அமைதி கொள்வர். ஆயினும், ஓர் உயிரினம் ஒரு காலத்திற் பெருகிப் பிறிதொரு காலத்தில் அருகுவது ஏன், அதில் மனிதனுடைய செயலுக்குள்ள பங்கு யாது என்பவற்றை அறியாது பீடைகளை அடக்குதல் அரிது.

இவ்வினாக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் பெரும்பயன் பெற்ற இடம் நெல் விளையும் நாடு அன்று. பூமியின் வடகோடியிலுள்ள பனிப்பிரதேசங்களே அவர்களுக்கு ஆராய்ச்சிக் களமாயின. இதன் காரணம் எளிது. வெப்பநாட்டுக் காடொன்றில் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பனிநாட்டிலோ உயிரினங்கள் சிலவே. ஆகவே உண்பது எது, உண்ணப்படுவது எது, ஒன்று குறைந்தால் மற்றொன்றுக்கு யாது நேர்கின்றது என்பன அங்கே தெளிவாகப் புலப்படும். அங்கே கண்ட உண்மைகள் எமது வயலுக்கும் தோட்டத்துக்கும் எவ்வாறு பயன்படும் என்பதை இங்கு ஆராய்வோம்.

வணிகரின் கணக்கேடுகள்

1670ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே ஹட்சன்குடாக் கொம்பனி என்னும் வணிகக் கழகம் நிறுவப்பட்டது. கனடாவின் வடபாகத்தில் வேடர்கள் பொறிவைத்துப் பிடித்த விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கி விற்பது அதன் தொழிலாயிருந்தது. ஆண்டுதோறும் எத்தனை தோல்கள் வந்தன என்பதை அக்கொம்பனியார் ஏடுகளிற் பதிந்து வந்தனர். இலாப நட்டம் பார்ப்பதற்காக எழுதப்பட்ட அக்கணக்குகள் பிற்காலத்தில் விஞ்ஞானத்துக்குப் பெருஞ்செல்வமாயின.

அச்செல்வத்தை எடுத்துப் பயன்படுத்தியவர் சாள்ஸ் எல்ற்றன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த அவர் 1921ஆம் ஆண்டில் வடதுருவத்துக்கு அண்மையிலுள்ள ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு ஆராய்ச்சிக் குழுவினருடன் சென்றார். நோர்வே நாட்டு லெமிங் என்னும் சிறிய எலியினம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் அருகுவதை நூல்களிற் கற்று, 1924ஆம் ஆண்டில் விலங்குத் தொகையின் ஏற்றத்தாழ்வு பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு முதல் ஹட்சன்குடாக் கொம்பனிக்கு ஆலோசகராயிருந்து அதன் ஏடுகளை ஆராயலானார்.

லின்க்ஸ் எனப்படும் காட்டுப்பூனையின் தோல்கள் ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மிகுந்தும் பின்னர் மிகக் குறைந்தும் வந்ததை, நூறாண்டுக்கும் மேற்பட்ட அக்கணக்குகள் காட்டின. அப்பூனையின் முக்கிய உணவு, மாரியில் வெண்ணிறமாகும் பனிமுயல். முயல் பெருகி ஓரிரு ஆண்டுகளின் பின்னர் பூனை பெருகும். முயல் அருகிய பின்னர் பூனையும் அருகும். எல்ற்றனும் அவரோடு பணியாற்றிய மேரி நிக்கல்சனும் 1942ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதினர்.

ஆனால் கணக்கேடு நடந்ததைக் கூறுமேயன்றி, நடந்ததன் காரணத்தைக் கூறாது. முயல் குறைவது உணவுப் பஞ்சத்தாலா, பூனை முதலியன கொன்று தின்பதாலா என்னும் வினா எஞ்சி நின்றது.

குளுவானி ஏரிக்கரைச் சோதனை

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, கனடாவின் யூக்கொன் பிரதேசத்திலே குளுவானி ஏரிக்கு அருகில் சாள்ஸ் கிரெப்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1986 முதற் பத்தாண்டு காலம் ஒரு பெருஞ்சோதனை நடத்தினர். கமக்காரர் வெவ்வேறு பாத்திகளில் வெவ்வேறு பசளை இட்டு விளைவை ஒப்பிடுவதுபோல, அவர்கள் காட்டையே பாத்திகளாக வகுத்தனர். ஒவ்வொரு பாத்தியும் ஒரு சதுரக் கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 250 ஏக்கர்.

சில பாத்திகளை அவர்கள் இயற்கையாகவே விட்டனர். சிலவற்றுக்கு ஆகாயவிமானத்திலிருந்து நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் அடங்கிய பசளையைத் தூவினர். சிலவற்றில் முயல்களுக்கு ஆண்டு முழுவதும் மேலதிக உணவு இட்டனர். ஒன்றைச் சுற்றி மின்வேலி அமைத்து, பூனை, நரி போன்றவை நுழையாது தடுத்தனர். முயல்கள் அவ்வேலியினூடு தடையின்றிச் சென்றுவரலாம். கடைசியாக, வேறொரு பாத்தியில் மின்வேலியும் அமைத்து மேலதிக உணவும் இட்டனர்.

முயல்கள் உச்சத்தை அடைந்து வீழ்ந்த ஆண்டுகளிற் கண்ட பெறுபேறு வருமாறு. பசளை இட்ட பாத்திகளிற் செடிகள் செழித்தனவேயன்றி முயற்றொகை குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. வேலி மட்டும் இட்ட பாத்தியில் முயல்கள் இரு மடங்காயின. உணவு மட்டும் இட்டவற்றில் மும்மடங்காயின. வேலியும் உணவும் ஒருங்கே அமைந்த பாத்தியிலோ அவை பதினொரு மடங்காயின.

இரண்டையும் மூன்றையும் கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு. ஆனால் விளைந்தது பதினொன்று. உணவு மிகுந்து, உண்ணும் பகையும் அகன்றுவிட்டால், ஓர் உயிரினம் நாம் எதிர்பார்க்கும் அளவையும் கடந்து பெருகும் என்பதே இச்சோதனை உணர்த்திய பேருண்மையாகும்.

அதே காட்டில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. பெருகும் ஆண்டுகளில் பனிமுயல் ஒரு கோடையில் நான்கு முறை வரை குட்டியீனும். பூனைகள் மிகுந்த ஆண்டுகளிலோ, இடைவிடாத அச்சத்தினால் தாய்முயலின் உடல் நலிந்து ஈற்றுக் குறைகின்றது. ஆகவே வேட்டையாடும் பிராணி தான் கொன்று தின்பதனால் மட்டுமன்றி, தான் அங்கு இருப்பதனாலேயே இரையின் பெருக்கத்தைத் தடுக்கின்றது.

எமது கரைவரை நீளும் தொடர்

பனிநாட்டுச் செய்தி எமக்குத் தொலைவானது என்று எண்ணுதல் வேண்டாம். மாரிகாலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் இரைதேடும் பறவைகளிற் பல, வடதுருவப் பிரதேசத்திற் பிறந்தவை. உள்ளான் இனத்தைச் சேர்ந்த, வளைந்த அலகுடைய சிறு பறவையொன்று சைபீரியாவின் வடகோடியிற் குஞ்சு பொரித்து இங்கு வருகின்றது. 2021ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மன்னாரிற் கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ஒன்று, ருஷ்யாவின் வடதுருவக் கரையை அடைந்ததைச் செய்மதி மூலம் கண்டனர்.

சைபீரியாவில் லெமிங் எலிகள் மிகுந்த ஆண்டில் வடதுருவ நரிகள் அவற்றையே தின்று, பறவைகளின் முட்டைகளைப் பெரிதும் விட்டுவிடும். எலிகள் அருகிய ஆண்டில் அந்நரிகள் கூடுகளைத் தேடி முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும். அவ்வாண்டில் தென்னாடுகளை அடையும் இளம்பறவைகள் மிகச் சிலவே என்பதைக் கணக்கெடுத்தோர் கண்டுள்ளனர். எங்கோ ஒரு பனிவெளியில் எலி குறைந்தமை, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கரையிற் பறவையைக் குறைக்கின்றது. இவ்வாறெனின், ஒரே வரம்பில் வாழும் எலி, பாம்பு, ஆந்தை ஆகியவற்றுக்கிடையே எத்துணை நெருங்கிய தொடர்பு இருத்தல் வேண்டும்!

எமது வயலே கடைசிப் பாத்தி

குளுவானியின் கடைசிப் பாத்தியை இப்போது நினைவுகூர்வோம். அதில் விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுச் செய்த இரண்டையும் நாம் எமது வயலிற் சாதாரணமாகச் செய்துவிடுகின்றோம்.

முதலாவது, உணவு. ஒரே வெளியில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால், குடலையும் கதிரும் பல வாரங்களுக்கு மாறிமாறிக் கிடைக்கும். அரிவு வெட்டிய பின்னர் சிந்திய நெல்லும், மூடாது வைத்த தானியமும் எஞ்சிய காலத்துக்கு உணவாகும். எலி மூன்று வாரமளவிற் கருவைச் சுமந்து ஒரே ஈற்றிற் பல குட்டிகளை ஈனுவது. உணவுக் காலம் நீளுமளவுக்கு ஈற்றுக்களின் தொகையும் கூடும்.

இரண்டாவது, பகை நீக்கம். சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலியைத் தேடியுண்பது. அதனைக் கண்டவுடன் அடித்துக் கொல்கின்றோம். ஆந்தை அலறுவதை அபசகுனம் என்று எண்ணி அதனைத் துரத்துகின்றோம். நஞ்சுண்டு மயங்கிய எலியைத் தின்று ஆந்தையும் கீரியும் இறக்கின்றன. மின்வேலி இல்லாமலே எலிக்குப் பாதுகாப்பளித்தவர் நாமே. புடையன் போன்ற நஞ்சுப்பாம்புகளிடத்து எச்சரிக்கை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் எல்லாப் பாம்பும் புடையன் அன்று.

பூச்சிகளின் விடயமும் இவ்வாறானதே. கபிலநிறத் தத்தியைச் சிலந்திகள் பிடித்துண்ணும். அதன் முட்டைகளை உறிஞ்சும் சிறு பச்சைப் பூச்சியும் உண்டு. தேவையின்றிக் கிருமிநாசினி தெளித்தால் நன்மை செய்யும் இவைகளே பெரிதும் மடியும். தண்டினுள் இருக்கும் முட்டைகளோ தப்பிப் பொரிக்கும். பின்னர் தத்தி முன்னையிலும் பன்மடங்கு பெருகிப் பயிர் எரிந்தாற்போற் கருகும். நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடுதலும் தத்திக்கு உணவூட்டுதலே. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசாங்கம் 1986ஆம் ஆண்டில் நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகை நாசினிகளைத் தடைசெய்தது. அதனால் அந்நாட்டின் நெல்விளைச்சல் குன்றவில்லை. மிளகாய், கத்தரித் தோட்டங்களில் அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

எலியைப் பிடிப்பதில் ஒரு நுட்பம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் உணவுத் தானியத்தைக் காக்கும் பொருட்டு, லெமிங் எலியை ஆராய்ந்த எல்ற்றனின் குழுவினரே பிரித்தானியாவில் எலி ஒழிப்பு ஆராய்ச்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். எலி தன் வழியிற் புதிதாகக் காணும் எப்பொருளையும் ஐயுற்று விலகும் என்பதை அவர்கள் நிறுவினர். முதல்நாளே நஞ்சு வைத்தால் எலி சிறிதளவே உண்டு, நோயுற்றுப் பிழைத்து, மறுபடி அவ்விரையைத் தீண்டாது. ஆதலின் முதற் சில நாட்களுக்கு நஞ்சற்ற இரையை ஒரே இடத்தில் வைத்துப் பழக்கி, அவை தாராளமாக உண்ணத் தொடங்கிய பின்னரே, உடனே கொல்லும் நஞ்சைக் கலத்தல் வேண்டும்.

எலியால் வருவது பயிரிழப்பு மட்டுமன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரினால் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. அவர்களிற் பலர் சேற்றில் இறங்கி உழைத்த கமக்காரரே. எனவே எலியைக் கட்டுப்படுத்துதல் நெல்லைக் காப்பது மட்டுமன்றி, உயிரைக் காப்பதுமாகும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. ஒரு வெளியிலுள்ள அனைவரும் கூட்டத்தில் தீர்மானித்த காலத்தில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் விதைத்தல் வேண்டும்.

2. வரம்புகளை ஒடுக்கமாக அமைத்துப் புல் செதுக்கி, எலி வளைகளைப் போகத்தின் தொடக்கத்திலேயே வெட்டி அழித்தல் வேண்டும். இதனை அயலவர் யாவரும் ஒருமித்துச் செய்தல் வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த வயல் எலிகள் வந்து குடியேறும்.

3. வயலிடையே தென்னமட்டைகளையோ தடிகளையோ நாட்டி, இரவில் ஆந்தைகள் அமர்ந்து இரைதேட வசதி செய்தல் வேண்டும். சாரைப்பாம்பையும் கீரியையும் கொல்லலாகாது.

4. நஞ்சு வைக்க நேர்ந்தால் முதலில் நஞ்சற்ற இரையாற் பழக்குதல் வேண்டும். இறந்த எலிகளை வெறுங்கையால் தொடாது, நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

5. பயிரின் முதற் பருவத்திற் பூச்சி கண்டவுடன் நாசினி தெளித்தலாகாது. பயிரின் அடியில் தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்த்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

6. வயலில் இறங்கியவருக்குக் கடுங்காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்வதை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

கனடா நாட்டு வேடன் தன் பொறியில் அகப்பட்ட பூனைகளை எண்ணினான். வணிகன் அதனை எழுதினான். விஞ்ஞானி அவ்வெண்களைக் கொண்டு இயற்கையின் கணக்கைப் படித்தான். கமக்காரரும் தமது வயலில் எலிவளை எத்தனை, அமரும் ஆந்தை எத்தனை என்று போகந்தோறும் எண்ணிக் குறித்து வருவாராயின், சில ஆண்டுகளில் தமது வெளியின் இயல்பைத் தாமே அறிந்துகொள்வர். எலிக்கு உணவைக் குறைப்பதும் அதன் பகையைக் காப்பதும் பெருஞ்செலவின்றி எமது கையில் உள்ளவை. இரண்டையும் ஒருங்கே செய்தால், பதினொரு மடங்காகப் பெருகும் பாத்தியாக எமது வயல் இராது.